"சுத்தமா எடுத்துடுங்க" என்றால் எதுவரை? சூப்பர்ஃபிஷ் விவகாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

மச்சினன் புது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். வாங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. திறந்ததுமே முப்பது நாள் இலவச ஆன்டிவைரஸ் ஒன்று வலது மூலையில் வந்து மிரட்டுகிறது, கீழே டாஸ்க் பாரில் ஒரு ஷாப்பிங் தளத்தின் ஐகான், ஸ்டார்ட் மெனுவில் யாரும் கேட்காத நாலைந்து கேம், அதுபோக 'உதவியாளர்' என்ற பெயரில் கம்பெனிக்காரர்களின் சொந்தச் செயலிகள் மூன்று, மூன்றும் செய்வது கிட்டத்தட்ட ஒரே வேலை. "இதெல்லாம் வேண்டாம் மாமா, சுத்தமா எடுத்துக் கொடுத்துடுங்க" என்றான்.

அந்த 'சுத்தமா'வில்தான் வம்பு இருக்கிறது. கண்ட்ரோல் பேனலுக்குப் போய் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் கொடுத்தால் அரை மணி நேரத்தில் ஐகான் எல்லாம் போய்விடும். அவன் பார்வைக்கு அது சுத்தம்தான். ஆனால் 2015இல் லெனோவோ லேப்டாப் வைத்திருந்தவர்கள் பலர் இதே வேலையைச் செய்துவிட்டு, போய்விட்டது என்று நம்பி, அதற்கப்புறமும் பாதி திறந்த கதவோடு பேங்க் தளத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். வயலில் கோரை பிடுங்கியவர்களுக்கு இது புரியும். மேலே இருக்கும் புல் கையோடு வந்துவிடும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடக்கும், அடுத்த தண்ணிக்குத் திரும்ப முளைக்கும். முன்கூட்டியே போட்டுக் கொடுக்கப்படும் மென்பொருளுக்கு அப்படி எத்தனை கிழங்கு இருக்க முடியும் என்று பார்க்க அந்த விவகாரத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால் மச்சினன் லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு முதலில் அந்தக் கதை.

சூப்பர்ஃபிஷ் என்பது அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் இருந்த ஒரு நிறுவனம். படத்தை வைத்துப் படத்தைத் தேடும் தொழில்நுட்பம் அவர்களுடையது. நீங்கள் ஏதோ ஒரு கடைத் தளத்தில் ஒரு நாற்காலியின் படத்தைப் பார்த்தால், அதே மாதிரி நாற்காலி வேறு எங்கெல்லாம் கிடைக்கிறது என்று விளம்பரமாகக் காட்டுவதுதான் அவர்களின் விஷுவல்டிஸ்கவரி என்ற மென்பொருளின் வேலை. 2014இன் பிற்பாதியில் லெனோவோ தன் வீட்டு உபயோக லேப்டாப்களில் இதைப் போட்டு அனுப்ப ஆரம்பித்தது. யோகா, ஃப்ளெக்ஸ், ஜி, ஒய், இசட் என்று பல வரிசைகள் இதில் சிக்கின. ஆபீஸ்காரர்கள் வாங்கும் திங்க்பேடில் இது இல்லை, அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்கு மொத்தமாக வாங்குகிறவரிடம் இந்த விளையாட்டெல்லாம் நடக்காது, வீட்டுக்கு ஒன்று வாங்குகிறவனிடம்தான் நடக்கும்.

ஏன் போடுகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. வீட்டு லேப்டாப் விற்பதில் லாபம் மிக மெல்லியது, ஆளுக்கொரு செயலியைச் சேர்த்துவிட்டால் அந்தச் செயலிக்காரர்கள் கொடுக்கும் காசு கொஞ்சம் கைகொடுக்கும். இந்த ஒப்பந்தத்தில் லெனோவோவுக்குக் கிடைத்தது இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டாது என்று அப்போது செய்தி வந்தது. அந்த நேரத்தில் உலகிலேயே அதிகமாகக் கணினி விற்ற நிறுவனத்துக்கு அது டீச்செலவு.

விளம்பரம் காட்டினால் காட்டிவிட்டுப் போகட்டும், அதில் என்ன பெரிய ஆபத்து என்று தோன்றும். ஆபத்து விளம்பரத்தில் இல்லை, அது உள்ளே நுழைந்த விதத்தில் இருந்தது. சாதாரணத் தளங்களில் பக்கத்துக்கு நடுவே விளம்பரத்தைச் செருகுவது எளிது. பூட்டு போட்ட தளங்களில், அதாவது எச்டிடிபிஎஸ் முகவரி உள்ளவற்றில், முடியாது. நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மூடி அனுப்புவதற்குத்தானே அந்தப் பூட்டு. ஆகவே சூப்பர்ஃபிஷ் பூட்டையே தன் கைக்குள் கொண்டுவந்தது.

நம் ஊர் வழியில் சொன்னால் இப்படி. ஒரு சான்றிதழ் உண்மையா என்று பார்க்க நாம் தாசில்தார் முத்திரையைப் பார்ப்போம், முத்திரை சரியாக இருந்தால் மேலே கேள்வி கேட்க மாட்டோம். விண்டோஸுக்குள்ளும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது, இந்த இந்த முத்திரைகள் இருந்தால் நம்பலாம் என்று. அவற்றுக்கு ரூட் சான்றிதழ் என்று பெயர். சூப்பர்ஃபிஷ் தனக்குத் தானே ஒரு முத்திரை செய்து அந்தப் பட்டியலில் ஏற்றிவிட்டது. அப்புறம் நீங்கள் பேங்க் தளத்துக்குப் போனால், பேங்கிலிருந்து வரும் உண்மையான சான்றிதழை லேப்டாப்புக்குள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு, தானே அந்த இடத்திலேயே ஒரு சான்றிதழ் அச்சடித்து, தன் முத்திரையைக் குத்தி பிரவுசரிடம் நீட்டும். பிரவுசரும் பட்டியலைப் பார்க்கும், முத்திரை இருக்கிறது, பச்சைப் பூட்டு போட்டுக் காட்டிவிடும். பூட்டைச் சொடுக்கிச் சான்றிதழைத் திறந்து பார்த்தவர்களுக்கு மட்டும், பேங்குக்குச் சான்று கொடுத்தது சூப்பர்ஃபிஷ் என்று எழுதியிருப்பது தெரியும். எத்தனை பேர் திறந்து பார்ப்பார்கள்?

இதற்குமேல் ஒரு கொடுமை. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனித்தனி முத்திரைகூட இல்லை. எல்லாவற்றிலும் ஒரே முத்திரை, ஒரே ரகசியச் சாவி, அந்தச் சாவியும் அந்தந்த லேப்டாப்புக்குள்ளேயே. அதாவது ஒருவர் தன் லேப்டாப்பிலிருந்து சாவியைக் கழற்றி எடுத்துவிட்டால், மற்ற எல்லா லேப்டாப்காரர்களையும் ஏமாற்ற அது போதும். இந்தப் பூட்டுடைக்கும் பகுதியை சூப்பர்ஃபிஷ் தானே எழுதவில்லை, இஸ்ரேலைச் சேர்ந்த கொமோடியா என்ற நிறுவனத்திடமிருந்து வாங்கியிருந்தது. 2015 பிப்ரவரி 19ஆம் தேதி எர்ராட்டா செக்யூரிட்டி என்ற பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் கிரகாம் அந்தச் சாவியை எடுத்துக் காட்டினார். மென்பொருள் ஓடும்போது அதன் நினைவகத்தை அப்படியே நகலெடுத்தார், அதற்குள் சாவி கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கிடந்தது, அதே நினைவகத்தில் கிடைத்த சொற்களையே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார், திறந்துவிட்டது. கடவுச்சொல் 'கொமோடியா'. கடை பெயரையே பீரோ பூட்டுக்கு நம்பராக வைத்த மாதிரி.

இன்னொரு ஓட்டையும் பின்னாலேயே வந்தது. போலியான சான்றிதழோடு ஒரு தளம் வந்தால், கொமோடியாவின் நிரல் அதைக் கண்டுபிடித்து, பெயரில் மாற்றம் செய்து, பிரவுசர் எச்சரிக்கை காட்டும்படி விடவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் சான்றிதழில் முதன்மைப் பெயர் ஒரு இடத்திலும், மாற்றுப் பெயர்கள் இன்னொரு இடத்திலும் இருக்கும். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை அப்படியே நகலெடுத்துத் தன் முத்திரையைக் குத்திவிட்டது. ஆகவே சாவியைத் திருடவே தேவையில்லை, போலிச் சான்றிதழில் மாற்றுப் பெயர் இடத்தில் பேங்கின் பெயரை எழுதிக் கொண்டுவந்தால் போதும், சூப்பர்ஃபிஷ்ஷே அதை நல்ல சான்றிதழாக்கி உள்ளே அனுப்பிவைக்கும். காபி ஷாப் வைஃபையில் உட்கார்ந்திருக்கும் எவனுக்கும் இது சுலபம்.

'வேண்டாம்' என்று சொல்ல வழி இருந்ததா என்றால் இருந்தது, பெயருக்கு. முதல்முறை ஒரு ஷாப்பிங் தளத்துக்குப் போகும்போது ஒரே ஒருதரம் ஒரு பெட்டி எழும், அதில் சின்னதாக ஒரு விலகும் இணைப்பு. அதைக் கவனிக்காமல் மூலையில் இருக்கும் எக்ஸ் குறியை அழுத்தினாலோ, திரையில் வேறு எங்கு தொட்டாலோ சம்மதம் என்று அர்த்தம். தேடிப் பிடித்து விலகியவர்களுக்கும் விளம்பரம் மட்டும்தான் நின்றது, நடுவில் உட்கார்ந்து சான்றிதழ் மாற்றும் வேலை பின்னால் தொடர்ந்து நடந்தது. இதை நான் சொல்லவில்லை, அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் பிறகு தன் புகாரில் சொன்னது.

வாங்கியவர்கள் 2014 கடைசியிலிருந்தே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் விளம்பரத் தொல்லை என்றுதான். 2015 ஜனவரியில் லெனோவோ புது லேப்டாப்களில் இதைப் போடுவதை நிறுத்தியது, சூப்பர்ஃபிஷ்ஷின் சர்வர் பக்கத்திலும் சேவையை அணைத்தார்கள். ஆனால் ஏற்கெனவே வீடுகளுக்குப் போன லேப்டாப்களில் மென்பொருளும் முத்திரையும் அப்படியே இருந்தன, விளம்பரம் மட்டும் வரவில்லை. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் விஷயத்தை உடைத்தபோது லெனோவோவின் முதல் பதில், பாதுகாப்புக் கவலைக்கு ஆதாரம் ஒன்றும் தெரியவில்லை என்ற தொனியில் இருந்தது. கிரகாம் கடவுச்சொல்லை வெளியிட்டதும் தொனி மாறியது. நிறுவனத்தின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி பீட்டர் ஹோர்டென்சியஸ் மோசமாகத் தவறு செய்துவிட்டோம் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 20ஆம் தேதி அமெரிக்க அரசின் கணினி அவசரப் பிரிவும் எச்சரிக்கை விட்டது.

இனி எடுக்கிற கதை

முதல் கிழங்கு முத்திரை. புரோகிராம் பட்டியலில் 'விஷுவல்டிஸ்கவரி' என்று இருந்தது, அதை அன்இன்ஸ்டால் செய்தால் புரோகிராம் போய்விடும், ரூட் சான்றிதழ் போகாது. அதாவது விளம்பரம் காட்டுகிற அப்பாவி வேலை போய்விட்டது, ஊருக்கே தெரிந்த சாவியோடு கூடிய ஆபத்தான பகுதி மட்டும் தங்கிவிட்டது. அன்இன்ஸ்டால் செய்தவர், செய்யாதவரைவிட நிம்மதியாக இருந்தார் என்பதுதான் வித்தியாசம்.

அதனால் இரண்டாவது வேலை, விண்டோஸில் கணினிச் சான்றிதழ்களை நிர்வகிக்கும் ஜன்னலைத் திறந்து, நம்பகமான ரூட் சான்றிதழ்கள் என்ற பிரிவில் சூப்பர்ஃபிஷ் பெயரைத் தேடி அழிப்பது. இதிலும் ஒரு சின்னச் சிக்கல். விண்டோஸில் அந்தந்தப் பயனருக்கு ஒரு சான்றிதழ்ப் பெட்டி, மொத்தக் கணினிக்கும் ஒரு பெட்டி என்று இரண்டு உண்டு, கணினிப் பெட்டியில் பார்க்க வேண்டும். குரோமும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அப்போது விண்டோஸின் பெட்டியையே நம்பின. ஃபயர்ஃபாக்ஸ் அப்படியில்லை, தனக்கென்று தனி அலமாரி வைத்துக்கொள்ளும், தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியும் அப்படித்தான். சூப்பர்ஃபிஷ் அங்கேயும் போய் முத்திரையை வைத்திருந்தது, அதுதான் இரண்டாவது கிழங்கு. ஆக விண்டோஸில் அழித்துவிட்டு வந்தவர் ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறவராக இருந்தால் பழைய கதைதான்.

வரிசையும் முக்கியம், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முத்திரையை மட்டும் அழித்தால் என்ன ஆகும்? புரோகிராம் பாட்டுக்குத் தன் முத்திரை குத்திய சான்றிதழ்களை நீட்டும், பிரவுசர் எதையும் ஏற்காது, எந்தப் பூட்டுத் தளமும் திறக்காது. வீட்டில் இருக்கிறவர்கள் "நெட் வேலை செய்யல" என்பார்கள். அதனால்தான் மொஸில்லா 2015 பிப்ரவரி கடைசியில் தன் ஃபயர்ஃபாக்ஸுக்கு அனுப்பிய திருத்தம் முதலில் சூப்பர்ஃபிஷ் மென்பொருள் கணினியில் இருக்கிறதா என்று பார்த்தது, இல்லையென்றால் மட்டுமே முத்திரையை அழித்தது. நிதானமான வேலை. விண்டோஸோடு வரும் மைக்ரோசாஃப்டின் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் 20ஆம் தேதியே புரோகிராமையும் விண்டோஸ் பெட்டியில் இருந்த முத்திரையையும் சேர்த்து எடுக்கக் கற்றுக்கொண்டது, லெனோவோவும் தனியாக ஒரு நீக்கும் கருவி கொடுத்தது. ஃபிலிப்போ வல்சோர்டா என்பவர் உங்கள் பிரவுசர் இன்னும் அந்த முத்திரையை நம்புகிறதா என்று சொல்லும் சோதனைப் பக்கம் ஒன்றை வைத்தார். எடுத்துவிட்டோமா என்று நம்மால் பார்க்க முடிந்தது அதனால்தான். மென்பொருள் நீக்கும் வேலையில் பெரும்பாலும் இந்தக் கடைசிக் காரியம்தான் விடுபட்டுப்போகும்.

மூன்றாவது கிழங்கு, தொழிற்சாலை நகல். லேப்டாப்பின் டிஸ்கிலேயே ஒரு ஓரமாக, வாங்கியபோது இருந்த நிலைக்குத் திரும்ப ஒரு பிரதி ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். ஏதோ வைரஸ் என்று சர்வீஸ்காரர் அந்தப் பொத்தானை அழுத்தி 'புதுசு மாதிரி' ஆக்கிக் கொடுத்தால், எதெல்லாம் வாங்கும்போது இருந்ததோ அதெல்லாம் புத்தம் புதுசாகத் திரும்பி வரும், சூப்பர்ஃபிஷ் உட்பட.

சரி, அப்போ மொத்தமாக ஃபார்மட் அடித்துவிடலாம், சொந்தமாக விண்டோஸ் போட்டுவிடலாம் என்பதுதான் நம்மில் பாதிப்பேரின் கடைசி அஸ்திரம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் யாரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சிதான். சூப்பர்ஃபிஷ் விஷயத்தில் அது சரியான தீர்வும்கூட. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில், அதே நிறுவனத்தின் லேப்டாப்களில், ஃபார்மட் அடித்தாலும் போகாத ஒன்று இருப்பது வெளியே வந்தது.

அதன் பெயர் லெனோவோ சர்வீஸ் எஞ்சின். இருந்த இடம் ஹார்ட் டிஸ்க் அல்ல, மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப், அதாவது கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் நிரல் இருக்கும் இடம். டிஸ்கைத் துடைத்துச் சுத்தமான விண்டோஸ் போட்டால், முதல் தடவை கணினி ஆனாகும்போது பயாஸ் எட்டிப் பார்க்கும். விண்டோஸ் 7 என்றால், துவக்கத்தில் டிஸ்கைச் சோதிக்கும் ஆட்டோசெக் என்ற மைக்ரோசாஃப்ட் கோப்பை நகர்த்திவிட்டுத் தன் கோப்பை அந்த இடத்தில் எழுதிவிடும். விண்டோஸ் 8 என்றால் அவ்வளவு திருட்டுத்தனம்கூடத் தேவையில்லை, மைக்ரோசாஃப்டே ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தது. டபிள்யூபிபிடி என்று அதைச் சொல்வார்கள். பயாஸ் ஒரு நிரலை நினைவகத்தில் வைத்துவிட்டு முகவரியைச் சொன்னால், விண்டோஸ் துவங்கும்போது அதை எடுத்து சிஸ்டம்32 ஃபோல்டரில் எழுதி, இயக்கியும் விடும். லேப்டாப் திருடு போய், திருடன் ஃபார்மட் அடித்தாலும் கண்காணிப்பு மென்பொருள் தப்பிப் பிழைக்கட்டும் என்பது நல்ல நோக்கம்தான். அந்த வாசல் வழியாக லெனோவோ கொண்டுவந்தது லேப்டாப்களில் ஒன்கீ ஆப்டிமைசர் என்ற ஒரு 'துரிதப்படுத்தும்' செயலியை. டெஸ்க்டாப்களில் அது கணினியின் விவரங்கள் சிலவற்றை ஒருதரம் நிறுவனத்துக்கு அனுப்பியது. திருடனுக்குப் போட்ட பொறியில் வீட்டுக்காரன் மாட்டிக்கொண்டான்.

அதில் பாதுகாப்பு ஓட்டை இருக்கிறது என்று சுட்டிக்காட்டப்பட்ட பிறகு, 2015 ஜூலைக் கடைசியில் அது இல்லாத பயாஸ் அப்டேட்டை வெளியிட்டார்கள். அதை அணைக்க ஒரு கருவியும் கொடுத்தார்கள். டிஸ்கைத் துடைப்பதால் மட்டும் பயனில்லை.

லெனோவோவை மட்டும் குத்திக்கொண்டிருப்பது நியாயமில்லை. அதே 2015 நவம்பரில் டெல் சிக்கியது, அதுவும் எப்படி, தன் விளம்பரத்தில் சூப்பர்ஃபிஷ் பற்றிக் கவலையா, நாங்கள் தேவையானதை மட்டும்தான் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த டெல். ஈடெல்ரூட் என்ற பெயரில் ஒரு ரூட் சான்றிதழ், எல்லா லேப்டாப்பிலும் ஒன்றே, ரகசியச் சாவியும் கூடவே. விளம்பரத்துக்கு அல்ல, வாடிக்கையாளர் சேவைக்கு அழைக்கும்போது எந்த லேப்டாப் என்று சுலபமாகத் தெரிவதற்காக என்றார்கள். ஒன்பது மாதத்துக்கு முன் ஊரே சிரித்த அதே தப்பு.

நீக்குவது என்ற கோணத்தில் இதுதான் எனக்கு இன்னும் சுவாரசியம். சூப்பர்ஃபிஷ்ஷில் புரோகிராமை எடுத்தால் முத்திரை மிஞ்சியது. டெல்லில் முத்திரையை எடுத்தால், கணினியை அணைத்துப் போட்டதும் அது திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது! காரணம், டெல் ஃபவுண்டேஷன் சர்வீசஸ் என்ற பின்னணிச் சேவைக்குள் ஒரு சின்னத் துணைக்கோப்பு இருந்தது, முத்திரை இருக்கிறதா என்று பார்த்து இல்லையென்றால் வைப்பது அதன் வேலை. முதலில் அந்தச் சேவையை நிறுத்தவேண்டும், பிறகு துணைக்கோப்பை அழிக்கவேண்டும், கடைசியில்தான் முத்திரை. ஒரு பொருளை எடுக்கும் முன் அதைத் திரும்ப வைக்கிறவன் யார் என்று பார்க்கவேண்டும். இரண்டொரு நாளில் டெல்லே இதற்கான செய்முறையையும் தானாக நீக்கும் அப்டேட்டையும் கொடுத்துவிட்டது.

பத்து வருடத்துக்கு முந்தைய கதை, இப்போது யார் இப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டால், 2023 மே மாதம் எக்ளிப்சியம் என்ற பாதுகாப்பு நிறுவனம் கிகாபைட் மதர்போர்டுகளில் இதே டபிள்யூபிபிடி வாசலைக் கண்டது. துவக்கத்தில் பயாஸ் ஒரு அப்டேட் நிரலை விண்டோஸுக்குள் இறக்கும், அது இணையத்திலிருந்து வேறு கோப்புகளை இறக்கும், அதில் ஒரு முகவரி பூட்டே இல்லாத எச்டிடிபி. பட்டியலில் 271 மாடல்கள். பாகம் பாகமாக வாங்கி, தானே கணினி பொருத்தி, தானே விண்டோஸ் போட்டுக்கொண்டவர்களுக்குத்தான் அந்த மதர்போர்டுகள் நிறையப் போயிருக்கும். ரெடிமேட் லேப்டாப் வேண்டாம், அதில் குப்பை இருக்கும் என்று ஒதுங்கியவர்கள்!

சூப்பர்ஃபிஷ் வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017 செப்டம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையமும் 32 மாநிலங்களும் லெனோவோவுடன் சமரசம் செய்துகொண்டன. அமெரிக்காவில் மட்டும் ஏழரை லட்சம் லேப்டாப்களுக்கு மேல் இப்படி விற்கப்பட்டதாகப் புகாரில் இருந்தது. மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர், இனி இப்படிப்பட்ட மென்பொருளைப் போடுமுன் வாங்குகிறவரின் தெளிவான சம்மதம், 20 ஆண்டுகளுக்கு வெளியார் தணிக்கையுடன் ஒரு பாதுகாப்புத் திட்டம். இரண்டரை லட்சம் வரவுக்கு 35 லட்சம் செலவு, வக்கீல் செலவு தனி.

மச்சினன் லேப்டாப்

இதெல்லாம் தலையில் ஓடிக்கொண்டிருந்ததால் அவனுடையதை நான் அன்இன்ஸ்டால் வழியில் தொடவே இல்லை. எந்த பிராண்ட் என்று சொல்லப்போவதில்லை, எல்லாரும் ஒரே மாதிரிதான். புதிது, உள்ளே அவனுடைய கோப்புகள் ஒன்றும் கிடையாது, ஆகவே நேராகத் துடைத்துப் போடுவது. பழைய கணினியாக இருந்தால் முதலில் டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டிருக்கிறதா, அதன் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் தொடுவேன். இப்போதெல்லாம் கேட்காமலே பூட்டிவிடுகிறார்கள்.

மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அவர்களுடைய கருவியை இறக்கி 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் எடுத்தேன். லைசென்ஸ் எண் குறித்து வைக்கவேண்டியதில்லை, விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அது மதர்போர்டிலேயே எழுதப்பட்டு வருகிறது, அதே பதிப்பைப் போட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும். வைஃபை டிரைவரை மட்டும் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இன்னொரு பென் டிரைவில் வைத்துக்கொண்டேன், இல்லையென்றால் விண்டோஸ் போட்ட பிறகு நெட் இல்லாமல் டிரைவர் தேடவேண்டி வரும், டிரைவர் இல்லாமல் நெட் வராது.

அப்படியும் ஓரிடத்தில் வழுக்கிவிட்டது. எந்த டிஸ்கில் போடவேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஒரு டிஸ்க்கும் இல்லை, வெற்றுப் பட்டியல். மச்சினன் முகம் வெளுத்துவிட்டது, புது எஸ்எஸ்டியை நான் காலி செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். இப்போதைய இன்டெல் லேப்டாப்கள் பலவற்றில் விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் டிஸ்க் ஒளிந்திருக்கும், அதற்கான டிரைவரைக் கொடுத்தால்தான் தெரியும். அதைத் தேடி, பிரித்து, கொடுத்து முடிக்க ஒரு மணி நேரம் போயிற்று, அதற்குள் இரண்டு தடவை டீ வந்துவிட்டது. டிஸ்க் தெரிந்ததும், தொழிற்சாலை நகல் இருந்த பகுதி உட்பட எல்லாப் பகுதிகளையும் அழித்தேன். பிற்பாடு வாரன்டிக்கு அந்த நகல் வேண்டியிருக்குமே என்று யோசிக்கிறவர்கள், தயாரிப்பாளர் தளத்தில் மீட்புப் பிரதி கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிக்கலாம்.

ஃபார்மட் அடிக்க மனமில்லாதவர்கள் வேறு வழியிலும் போகலாம். செயலிகளின் பட்டியலில் நீக்குவது அந்தப் பயனருக்கு மட்டும் நீக்குவதாக இருக்கலாம். ஸ்டோர் வகைச் செயலிகளுக்கு விண்டோஸ் ஒரு மூலப் பிரதி வைத்திருக்கும், வீட்டில் இன்னொருவருக்கு கணக்கு திறந்தால் அங்கே மறுபடி வரும். அந்த மூலப் பிரதியைப் பவர்ஷெல் என்ற கட்டளை ஜன்னலில் தனியாக நீக்கவேண்டும். ஆன்டிவைரஸ் வகையறாவுக்கு அந்தந்த நிறுவனமே கொடுக்கும் நீக்கும் கருவி உண்டு, சாதாரண அன்இன்ஸ்டாலுக்குப் பின் மிஞ்சும் டிரைவர்களை எடுக்க அதுதான் சரி. ஒரே சொடுக்கில் எல்லாக் குப்பையையும் எடுக்கும் ஸ்கிரிப்ட் என்று இணையத்தில் சுற்றுபவை பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. யாரோ எழுதியதை அட்மின் உரிமையோடு ஓட்டி, ஸ்டோர் திறக்கவில்லை, ஸ்டார்ட் மெனு தேடவில்லை என்று வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்பின் தெரியாத மென்பொருளை எடுக்க முன்பின் தெரியாத இன்னொரு மென்பொருள்.

விண்டோஸ் போட்டு முடித்து, நெட் கொடுத்து, ஒரு தடவை ரீஸ்டார்ட் ஆகி வந்தால், கீழே வலது மூலையில் அதே கம்பெனியின் உதவியாளர், வரவேற்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறது. மச்சினன் என்னைப் பார்த்தான். நான் சிஸ்டம்32 ஃபோல்டரைப் பார்த்தேன், பயாஸ் இறக்கிவைக்கும் அந்தக் கோப்பு, டபிள்யூபிபிபின் (wpbbin.exe), அங்கே இருந்தது. மறுபடி ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினால், ஒரு மூலையில் கம்பெனிச் செயலியைத் தானாக இறக்கி நிறுவுவதற்கு ஒரு வரி, 'ஆன்' என்று. அணைத்தேன். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் செஷன் மேனேஜர் பகுதியில் இந்த வாசலையே விண்டோஸ் மதிக்காமல் இருக்க ஒரு மதிப்பு கொடுக்கலாம், அதையும் கொடுத்தேன். விண்டோஸின் சாதன அமைப்புகளில், தயாரிப்பாளரின் செயலிகளைத் தானாக இறக்கவேண்டுமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று மாற்றினேன், ஏனென்றால் அப்டேட் வழியாகவும் இவர்கள் வருவார்கள். பிறகு உதவியாளரை அன்இன்ஸ்டால் செய்து, கோப்பை அழித்து, மூன்று தடவை ரீஸ்டார்ட் செய்து பார்த்தேன். வரவில்லை. ரூட் சான்றிதழ்ப் பட்டியலையும் ஒரு ஓட்டு ஓட்டினேன், தெரியாத பெயர் எதுவும் கண்ணில் படவில்லை.

ஒன்றே ஒன்றை நானே திரும்பப் போட்டேன், பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தும் செயலி. அதுவும் அந்தக் கம்பெனியுடையதுதான். நாள் முழுக்க சார்ஜரில் போட்டுவைக்கிறவனுக்கு அது வேண்டும். அவர்கள் போட்டுக் கொடுப்பதெல்லாம் குப்பை என்று நான் சொல்ல மாட்டேன், கேட்டுவிட்டுப் போட்டால் போதும்.

"இப்போ சுத்தமா போயிடுச்சா மாமா?" என்று லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"இல்லடா. அது பயாஸ் சிப்புல அப்படியேதான் இருக்கு. ஓடாதேன்னு சொல்லிவச்சிருக்கேன், அவ்வளவுதான். பயாஸ் அப்டேட் ஏதாவது வந்தா போட்டுட்டு, அந்த வரி இன்னும் ஆஃப்லதான் இருக்கான்னு ஒருதரம் பார்த்துக்கோ."